பிறவியிலேயே ஓர் அடைப்பு



வகுப்பில் நனைந்த காற்சட்டையோடு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பையனைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். நாலு பேர் முன்னே சொல்லக் கூச்சப்படும் விஷயந்தான். அந்தக் கூச்சத்தினாலேயே சில பிள்ளைகளின் சிறுநீரகம் கெட்டுப்போகிறது என்பதால் பேசித்தான் ஆகவேண்டும்.

இரவில் மட்டும் பாயை நனைக்கிற பிள்ளைகள் ஏராளம். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அப்படித்தான். பெரும்பாலோருக்கு வளர வளரத் தானே நின்றுவிடும். நான் சொல்ல வந்தது அதையன்று. பகலிலும் சொட்டுச் சொட்டாக நனைவது, முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பது, தாரை மெலிந்து காலடியிலேயே விழுவது, காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல் வருவது, இவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆண் குழந்தைகளில் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், சிறுநீர்ப்பையின் வாய்க்குச் சற்றுக் கீழே, வெளிக்குழாயில் மெல்லிய சவ்வு மடிப்பு ஒன்று பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. 1919ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் இதை வகைப்படுத்தி எழுதினார். பெண் குழந்தைகளுக்கு இது வருவதில்லை.

கடலோரத் தோட்டங்களில் வசிப்பவர்களுக்கு நீர்க்கதவு தெரிந்திருக்கும். தோட்டத்துத் தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும். கடல் பொங்கி வந்தால் தானே மூடிக்கொள்ளும். இந்தச் சவ்வோ தலைகீழாக மாட்டிய நீர்க்கதவு. வெளியிலிருந்து மெல்லிய குழாயைச் செலுத்தினால் பெரும்பாலும் தடையின்றி உள்ளே போகும். உள்ளிருந்து சிறுநீர் வரும்போது பாய்மரம்போல் உப்பி வழியை மறிக்கும்.

வழி மறித்தால் என்ன ஆகும்? பை தன் பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளுகிறது. தள்ளித் தள்ளி அதன் சுவர் தடித்துப்போகிறது. மேலே சிறுநீரகங்கள் வீங்குகின்றன. தாரை நன்றாக வருகிறதே என்று நிம்மதி அடைவதற்கும் இல்லை. தடித்த பை பலமாகத் தள்ளினால் அடைப்பு இருக்கும்போதே தாரையும் வரக்கூடும்.

இத்தனையும் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது மிகவும் குறைந்தால் குழந்தையின் நுரையீரல் சரியாக வளராது. ஸ்கேனில் குழந்தையின் பையும் இரு சிறுநீரகங்களும் வீங்கித் தெரிந்தால் மருத்துவர்கள் பிரசவத்துக்கு முன்பே உஷாராகிவிடுவார்கள். “பிள்ளை நன்றாக உதைக்கிறது, ஸ்கேன் எதற்கு?” என்று கேட்கும் பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

குழந்தை பிறந்ததும் முதல் வேலை அறுவை அன்று. மெல்லிய குழாய் போட்டுத் தேங்கிய சிறுநீரை வடிய விடுவார்கள். இரத்தத்தில் உப்புகளின் அளவைச் சரிசெய்வார்கள். கிருமி தொற்றினால் மருந்து கொடுப்பார்கள். சிறுநீர்ப்பைக்குள் சாயமருந்து செலுத்தி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால் அடைப்பு இருக்கும் இடம் தெரியும். பிறகு சிறுநீர் வரும் வழியாகவே நுண்ணிய கருவியை விட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே சவ்வை வெட்டுவார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. குழந்தை மிகச் சிறியதாய் இருந்து கருவி நுழையாவிட்டால், தொப்புளுக்குக் கீழே சிறு துவாரம் அமைத்து அதன் வழியே சிறுநீரை வடிய விடுவதுண்டு. பின்னாளில் அதை மூடிவிடலாம். அந்தத் துவாரத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஏதேதோ பேசுவார்கள். பேசட்டும்.

சவ்வு போனதோடு நோய் போய்விட்டது என்று பெற்றோர் கிளினிக் அட்டையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கருவிலேயே பழுதுபட்ட சிறுநீரகம் முழுதாகத் திரும்புவதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து அது செயலிழந்து, இரத்தச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படுகிறது. ஆகவே இரத்தப் பரிசோதனையும் இரத்த அழுத்தப் பரிசோதனையும் பெரியவனான பிறகும் தொடர வேண்டும்.

இப்பிள்ளைகளில் பலருடைய சிறுநீரகத்துக்குத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் சக்தி குறைவு. அதனால் சிறுநீர் மிகுதியாகப் போகிறது, தாகமும் மிகுதியாக எடுக்கிறது. வீட்டிலோ, “தண்ணீரைக் குறைத்தால் நனைக்க மாட்டான்” என்று குவளையைப் பிடுங்குகிறார்கள். இது பெருந்தவறு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டுவிட்டால் இவன் மற்றப் பிள்ளைகளைவிட விரைவில் வறண்டுபோவான். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

என் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தடித்த பைக்கு நிறைந்ததும் தெரியாது, முழுதாகக் காலியாகவும் வராது. எனவே மணி பார்த்துப் போகச் சொல்வார்கள். போய்விட்டுச் சில நிமிடம் பொறுத்து மீண்டும் போகச் சொல்வார்கள். “ஓய்வு மணி அடிக்கட்டும்” என்ற சட்டம் இவனுக்குப் பொருந்தாது. பெற்றோர் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் பையன் நாற்பது பேர் எதிரே கை தூக்கிக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கதவோரமாக ஓர் இடம், பையில் மாற்றுக் காற்சட்டை ஒன்று, மேசைமேல் தண்ணீர்ப் போத்தல். வகுப்பில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.