பட்டத்திற்குப் பின்னும் படிப்பு
(திருவிழாவையொட்டி நடைபெற்ற மாணவர் பாராட்டு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



பட்டத்தோடு படிப்பு முடிந்தது என எண்ணிய காலம் கடந்துவிட்டது. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின்கீழ், 25 வயது நிறைந்த குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்திற்கென 500 வெள்ளி வழங்கப்பட்டது. 2024இல், 40 வயதை எட்டியோருக்கு மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. ஆயினும், பணம் வகுப்பறை வாயில்வரைதான் நம்மைக் கொண்டு சேர்க்கும். நாற்பதில் மீண்டும் மாணவராய் அமரும் துணிவை இருபதிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

அதற்குரிய திறன்கள் யாவை? நேரத்தை வகுத்துக்கொள்ளுதல், செய்தியின் மூலத்தை ஆராய்தல், படித்ததைத் தம் சொற்களில் எழுதிப் பார்த்தல், தெரியாததைக் கூசாமல் வினவுதல். இவற்றுள் அரியது இறுதியில் கூறியதே. திருக்குறளில் 'கல்வி' 40ஆம் அதிகாரம். 'அறிவுடைமை' 43ஆம் அதிகாரம். அறிவுடைமைக்கு முன் நிற்பது, கற்றோரிடம் கேட்டறியும் 'கேள்வி'.

மதிப்பெண்ணை மட்டுமே போற்றும் இல்லங்களில் பிள்ளைகள் தம் அறியாமையை மறைக்கவே கற்றுக்கொள்கின்றனர். இக்குறை பெரியவர்களாகிய நம்முடையது. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை "தெரியவில்லை" என்றால் கடிந்துகொள்ளாதீர்கள். "வா, சேர்ந்து தேடுவோம்" என்று அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். வாழ்நாள் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாம் வல்ல இறைவன் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக.