படித்த கதையை மீண்டும் படிப்போம்

(சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மர நிரைகளில் உழைத்துத் திரும்பும் உங்களிடம் இன்று மாயக் கதை நூல்களைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். "சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேசாமல் வேதாளத்தைப் பற்றிப் பேச ஓர் அதிகாரி வேண்டுமா?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இப்பேச்சும் வீட்டைப் பற்றியதே. வீட்டின் மாலை நேரத்தைப் பற்றியது.

ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் தோட்டத்து வீடுகள் பலவற்றில் ஒன்றைக் கண்டிருக்கின்றேன். தாய் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கின்றாள். மகளின் முன்னிலையில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தாய் நாணுகின்றார். அந்நாணத்தால் வீட்டில் நூல் திறக்கப்படுவதே இல்லை. தாய் ஒருபுறமும் மகள் ஒருபுறமும் அமர்ந்திருக்க, மாலைப் பொழுது கைத்தொலைபேசியோடு கழிகின்றது.

இந்நாணத்தை வெல்ல எளிய வழி ஒன்று உண்டு. நாம் சிறுவயதில் படித்தோ கேட்டோ மகிழ்ந்த கதை நூலையே மீண்டும் எடுத்து, பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதுதான் அது. அறியாத நூலைப் படிக்கும்போது நாக்குத் தடுமாறும். அறிந்த கதையாயின், அடுத்து வருவது இன்னதென்று நெஞ்சம் முன்கூட்டியே உணர்த்தும். கண் பின்னர் வந்து சேரும். நன்கறிந்த கதை, தடுமாறும் நாவுக்கு ஊன்றுகோல் ஆகும்.

பெரிய எழுத்துப் புத்தகம்

இது புதிய முறையன்று. சென்னையில் அச்சான 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை'யை உங்களுள் மூத்தோர் அறிவர். அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் அவ்வகையில் வெளிவந்தவையே. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டது எதற்காக? பள்ளிப் படிப்புக் குறைந்தோரும் எழுத்தைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக. அந்நூல்களை ஒருவர் உரக்கப் படிப்பார். பலர் சூழ்ந்திருந்து கேட்பர். லயத்தில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், லயம் முழுவதும் படித்ததற்கு ஒப்பாகும். ஒரே நூலைப் பன்முறை கேட்டார்கள், சலிப்படைந்தார்கள் இல்லை.

பின்னர் அம்புலிமாமா வந்தது. சக்கரபாணியும் நாகிரெட்டியும் 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சிறுவர் இதழ் அது. அதன் வேதாளக் கதைகளை மறந்தவர் எவர்? தோளிலே பிணத்தைச் சுமந்து, கையிலே வாளேந்தி நடக்கும் மன்னனின் படத்தைத் தீட்டியவர் ஓவியர் சங்கர். 1950களின் தொடக்கத்தில் அவ்விதழில் சேர்ந்து நெடுங்காலம் வரைந்த அவர் 2020ஆம் ஆண்டில் மறைந்தார். இதழோ 1998இல் ஒருமுறை நின்று, மீண்டும் எழுந்து, 2010களின் தொடக்கத்தில் முற்றாக நின்றுவிட்டது. ஆகவே, பழைய பிரதி வைத்திருப்போர் அதனை எடைக்குப் போட்டுவிட வேண்டா.

மூன்று இளைஞர் கதை

வேதாளக் கதைகள் மிகப் பழையன. காசுமீரத்தில் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் என்னும் புலவர் தொகுத்த 'கதா சரித் சாகரம்' என்ற பெருநூலில் அவை இருபத்தைந்தும் உள்ளன. அந்நூலை அவர் சூரியவதி என்னும் அரசியின் மனத்தை மகிழ்விப்பதற்காக இயற்றினார் என்பர். துன்புற்ற ஒருவருக்கு ஆறுதலாகக் கதை சொல்லும் வழக்கம் அத்துணைப் பழையது.

அவற்றுள் ஒன்றை நினைவூட்டுகின்றேன். ஒரு பெண்ணை மூன்று இளைஞர் விரும்பினர். அவள் நோயுற்று இறந்தாள். ஒருவன் அவளது சாம்பலின்மேலேயே படுத்து, சுடுகாட்டை விட்டு அகலாதிருந்தான். மற்றொருவன் அவள் எலும்பை எடுத்துக்கொண்டு கங்கைக்குச் சென்றான். மூன்றாமவன் ஊர் ஊராய்த் திரிந்து, மாண்டோரை எழுப்பும் மந்திரத்தைக் கற்றுவந்து அவளை உயிர்ப்பித்தான். அவள் யாருக்கு மனைவி? இதுவே வேதாளத்தின் கேள்வி.

பத்து வயதில் இக்கதையைக் கேட்கும் பிள்ளை, "உயிர் கொடுத்தவனுக்கே" என்று உடனே கூறும். மன்னனின் தீர்ப்பு வேறு. உயிர் கொடுத்தவன் தந்தைக்குச் சமம். எலும்பைக் கங்கைக்குக் கொண்டுசென்றவன் மகனுக்குச் சமம். சாம்பலின்மேல் உடனிருந்தவனே கணவன் என்றான் அவன். பத்து வயதில் இத்தீர்ப்பு நமக்கு விளங்கியதில்லை. தாயையோ தந்தையையோ பறிகொடுத்து, நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்த பின்னர் இதனைப் படித்துப் பாருங்கள். உடனிருத்தல் எத்துணைப் பெரிய செயல் என்பது அப்போது விளங்கும். நூலின் எழுத்து மாறவில்லை. படிக்கின்ற நாம் மாறியிருக்கின்றோம். மறுமுறை படிப்பதன் பயன் இதுவே.

பத்து வயதுப் பிள்ளையும் நாற்பத்தைந்து வயதுத் தாயும் அருகருகே அமர்ந்து இக்கதையைப் படித்தால், பிள்ளை ஒரு விடை சொல்லும். தாய் வேறொரு விடை சொல்வார். அங்கே ஓர் உரையாடல் பிறக்கும். அதிகம் படித்த மகளுக்கும், அதிகம் வாழ்ந்த தாய் சொல்லத்தக்கது ஒன்று உண்டு என்பது வெளிப்படும்.

"பேயும் மந்திரமும் நிறைந்த கதை பகுத்தறிவைக் கெடுக்காதா?" என்று சிலர் வினவுவர். பிணம் பேசாது என்பதைப் பிள்ளை அறியும். வேதாளம் அச்சுறுத்துவதோடு நிற்பதில்லை. கதையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கின்றது. இரு பக்கத்தையும் சீர்தூக்கி, காரணம் காட்டி விடை கூறச் சொல்கின்றது. இதனினும் நல்ல பகுத்தறிவுப் பாடம் வேறு யாது?

கதைக்கு வேலி இல்லை

நம் கதைகள் இந்நாட்டு மண்ணுக்கு அந்நியமானவையும் அல்ல. முன்ஷி அப்துல்லா 1835ஆம் ஆண்டில் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். வடமொழியின் கிளிக்கதைகள் பாரசீகத்தின் வழியே மலாய்மொழி சேர்ந்து, 'இக்காயாட் பாயான் புடிமான்' என வழங்குகின்றன. பேராக்கில் ஊர் ஊராய்க் கதை சொல்லிக் கவலை தீர்த்த மலாய்க் கதைசொல்லிகளைப் 'பெங்லிப்பூர் லாரா' என்பர். உங்கள் பிள்ளை வேதாளக் கதையை மலாய்த் தோழனுக்குச் சொல்லட்டும். அவனிடமிருந்து சாங் கஞ்சில் கதையைக் கேட்டு வரட்டும்.

இவ்வட்டார மக்கள் கல்வியின் அருமையை அறிந்தவர்கள். 1954இல் துன் சம்பந்தன் இவ்வூரில் மகாத்மா காந்தி கலாசாலையைத் தோற்றுவித்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி நிலம் வாங்குவதற்கென 1960இல் அவர் தொடங்கியது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டம் கைமாறினால் குடும்பம் இடம்பெயர்கின்றது. பாயும் பாத்திரமும் லாரியில் ஏறுகின்றன. பழைய புத்தகம் பின்தங்கிவிடுகின்றது. பாத்திரத்தை மீண்டும் வாங்கலாம். பாட்டி விரல் வைத்துப் படித்த புத்தகத்தை எந்தக் கடையில் வாங்குவது?

செய்ய வேண்டுவன

முதலாவது, மாலை உணவுக்குப் பின் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அந்நேரத்தில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓய்வு பெறட்டும்.

இரண்டாவது, புதிய நூலைத் தேடி அலையாமல், நீங்கள் நன்கறிந்த கதையில் தொடங்குங்கள். நூல் கையில் இல்லையேல் வாயால் சொல்லுங்கள். ஈப்போவிலுள்ள துன் ரசாக் நூலகத்திற்குச் செல்ல நேர்ந்தால், தமிழ்ச் சிறுவர் நூல்களைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, முதல்நாள் நீங்கள் படியுங்கள்; மறுநாள் அதே கதையைப் பிள்ளை படிக்கட்டும். நீங்கள் தடுமாறினால் பிள்ளை திருத்தட்டும். தடுமாறினாலும் விடாமல் படிக்கும் தாயைக் கண்ட பிள்ளை, தானும் விடாமல் படிக்கக் கற்கும்.

நான்காவது, படிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால் அவரையும் அருகில் அமர்த்துங்கள். புத்தகம் விட்டுவிட்ட கதையை அவர் கூறக்கூடும்.

ஐந்தாவது, பழைய நூல்களைத் தரையில் வைக்காதீர்கள். ஈரமற்ற தகரப் பெட்டியில் வேப்பிலையோடு வையுங்கள். அவ்வப்போது காற்றாட விடுங்கள்.

விக்கிரமன் ஒவ்வொரு முறையும் விடை கூறுகின்றான்; வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறுகின்றது. அவன் சலிக்காமல் திரும்பிச் செல்கின்றான். அவன் திரும்பிச் சென்றதனால் அன்றோ நமக்கு அடுத்த கதை கிடைத்தது? அவ்வாறே நாமும் படித்த நூலுக்குத் திரும்பிச் செல்வோம்; தனியே செல்லாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு செல்வோம். இன்றிரவே ஒரு கதையைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகின்றேன்.