யார் யாரைப் படம் எடுப்பது?

(திண்டிவனத்தில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'ஸ்மார்ட்போன் வந்த பிறகு நம் அன்றாட வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது' என்று பேசச் சொன்னீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும், பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று முடிப்பார்கள். நான் அதைப் பேச வரவில்லை. நான் காலனியில் பிறந்தவள். முனைவர் பட்ட ஆய்வுக்காக விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள காலனிகளுக்குப் போய்வருகிறவள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்த போனில் இருக்கும் கேமரா யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது? அதைத் திருப்புகிற கை யாருடையது?

என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். முன்பெல்லாம் பணித்தளப் பொறுப்பாளர் நோட்டில் பேர் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். 2023 ஜனவரி 1 முதல் என்.எம்.எம்.எஸ். என்கிற செயலியில்தான் வருகைப் பதிவு என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரத்தோடு படம் ஏற வேண்டியிருந்தது. அளந்துவிட்ட மண்ணை வெட்டி முடித்த பிறகும் பெண்கள் இரண்டாவது படத்துக்காக ஏரிக்கரையில் காத்துக் கிடந்தார்கள். அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்பார்: "போட்டோவுல நான் வந்துட்டனா, பாப்பா? பாத்து சொல்லு." அன்று முழுக்க மண் சுமந்தவருக்கு, தான் அங்கே இருந்தோமா என்பதில் சந்தேகம் வந்துவிடுகிறது. 2025-26இல் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அது இந்தப் படத்தை நம்பித்தான் இருந்தது.

முறைகேட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று அதில் பட்டியல் போட்டிருந்தது. ஏமாற்ற நினைக்கிறவருக்குச் செயலியிலும் வழி இருக்கிறது. பயம் மண் வெட்டியவருக்குத்தான். சாதிச் சான்றிதழுக்கு, கல்வி உதவித்தொகைக்கு, ஆதாரில் ஒரு எழுத்தைத் திருத்துவதற்குக்கூட ஓடிபி கேட்கிறார்கள். நம் தெருக்களுக்கு ஸ்மார்ட்போன் சொகுசாக வரவில்லை, அரசு கேட்கும் ஆவணமாக வந்திருக்கிறது. அது இல்லாத வீடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கிறது.

இப்போது கேமராவைத் திருப்பிப் பார்ப்போம்.

1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் சாதிக் கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நம் தாத்தா பாட்டிகள் அதை வாயால்தான் சொன்னார்கள். அவர்கள் கையில் கேமரா இல்லை. செத்தவர்களின் சொந்தக்காரர்கள் சொன்னதைவிட அதிகாரிகள் எழுதியதே ஆவணமானது.

2021 மே மாதம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தல் கிராமம். ஊரடங்கு நேரத்தில் கோயில் திருவிழாவில் கச்சேரி வைத்தார்கள் என்று சொல்லி, வயதான மூன்று தலித்துகளை ஊர்ப் பஞ்சாயத்தார் காலில் விழ வைத்தார்கள். அந்தப் படம் போனிலிருந்து போனுக்குப் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2025இல் இதே திண்டிவனத்தில், நகராட்சி அலுவலகத்தில் பணிபுரியும் தலித் ஊழியர் ஒருவர் கவுன்சிலர் காலில் விழும் காணொளி செப்டம்பரில் வெளியானது. அதற்குப் பிறகு அதிலும் வழக்கு. இரண்டிலும் படம் இல்லாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? 'பேசித் தீர்த்துக்கொண்டார்கள்' என்று ஊரே சொல்லியிருக்கும்.

ஆகவே போன் நமக்குச் சாட்சி சொல்கிறது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சாட்சியைப் பாதுகாக்கத் தெரிய வேண்டும். ஒரு வன்கொடுமையைப் படம் பிடித்தால், எடுத்த போனிலேயே அந்த மூலக் கோப்பை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிற நகலில் எப்போது, எங்கே எடுத்தது என்ற விவரங்கள் அழிந்துபோகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழும் வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ பிரிவின் 10ஆவது உட்பிரிவு, வழக்கு நடவடிக்கைகள் எல்லாவற்றையும் காணொளியில் பதிவு செய்யச் சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காலில் விழுந்த அந்தப் பெரியவர்களின் படத்தை நாமும் கோபத்தில் பகிர்ந்தோம். நானும் பகிர்ந்தேன். அவர்கள் பேரப்பிள்ளைகளின் போனுக்கும் அது போயிருக்கும்தானே? ஒரு தடவை நடந்த அவமானத்தை ஆயிரம் தடவை நடத்திக் காட்டினோமோ என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. முகத்தை மறைத்துவிட்டுப் பகிர்வதற்கு அரை நிமிடம்தான் ஆகும். நியாயத்துக்குத் தேவை குற்றவாளியின் முகம்.

மூன்றாவதாக, நம் வீட்டுக்குள் வருகிறேன். இதைப் பேசாமல் போனால் நான் இங்கே நிற்பதில் அர்த்தமில்லை.

என் முதல் ஸ்மார்ட்போன் 2016இல் வந்தது. ஜியோ சிம் இலவசமாக இணையம் கொடுத்த வருடம். எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், உதவித்தொகைப் பணத்தில் வாங்கினேன். காசு என்னுடையது, பாஸ்வேர்டு அண்ணனுடையது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனை அவன் கையில் கொடுக்க வேண்டும். யார் பேசினார்கள், யார் மெசேஜ் அனுப்பினார்கள் என்று பார்ப்பான். அவன் சாதி ஒழிப்புக் கூட்டங்களுக்குப் போகிறவன். அம்பேத்கர் படம் போட்ட டீ-ஷர்ட் போடுகிறவன். "ஊரு கெட்டுக் கெடக்குது, ஒனக்கு நல்லதுக்குத்தான்" என்பான். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் நூறு நாள் வேலையில் அம்மாவைப் படம் எடுக்கும் செயலிக்கும் அண்ணனின் பாசத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன.

2019 ஜூலையில் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் தாக்கோர் சமுதாயத்தினர் கூடி, கல்யாணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் போன் பயன்படுத்த விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குப் போட்ட ஃபஹீமா ஷிரின் என்ற கல்லூரி மாணவியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்றது. பெண் கையில் இருக்கும் போனுக்குச் சாதி ஏன் இவ்வளவு பயப்படுகிறது? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அண்ணல் அதற்கு விடை சொல்லிவிட்டார். சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் சாதியின் உயிர். பெண் தானாகப் பேசி, தானாகப் பழகி, தானாகத் தேர்ந்தெடுத்தால் அந்த உயிர் போய்விடும். 2012 தர்மபுரி வன்முறையை ஒட்டி 'நாடகக் காதல்' பிரச்சாரம் நடந்தபோது ஜீன்சும் கூலிங் கிளாசும் குற்றமாகின. இன்று போன்.

ஆதிக்கச் சாதி செய்கிற இந்தக் காவலை நம் வீட்டில் நாம் செய்தால் அதற்கு வேறு பெயர் கிடையாது, தோழர்களே. உங்கள் தங்கையின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும் என்றால், இன்று வீட்டுக்குப் போய் அதை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக என்னைப் பற்றி. திண்டிவனம் பக்கம் ஓர் இருளர் குடியிருப்புக்குக் கள ஆய்வுக்குப் போயிருந்தேன். போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்ததும் ஒரு பாட்டி கேட்டார்: "வர்றவங்க எல்லாம் எங்கள படம் புடிச்சினு போறீங்க. எடுத்துனு போயி இன்னா பண்றீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. நானும் இன்னொரு கேமராவாகத்தான் அங்கே நின்றிருந்தேன். அடுத்த முறை போனபோது எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். வேண்டாம் என்றவர்களின் படங்களை அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். பிறகு அந்தப் பாட்டியின் பேத்தி என் போனை வாங்கி, பட்டா கிடைக்காத தங்கள் வீடுகளை ஒவ்வொன்றாக அவளே படம் எடுத்தாள். மனுவோடு வைக்க அந்தப் படங்கள்தான் போயின.

அந்தப் பெண் எடுத்த கோணத்தில் எனக்கு எடுக்கத் தெரிந்திருக்காது. மழை எந்தப் பக்கம் ஒழுகும் என்று அவளுக்குத்தான் தெரியும்.