எந்தப் பெண்ணுக்கு நினைவுச்சின்னம்?

(மாணவியருக்குக் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் நமது டிரஸ்டின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

கோட்டக்குப்பத்திலிருந்து சிறிது தூரத்தில், புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. நாம் எல்லோரும் பார்த்ததுதான். புதுச்சேரி அரசின் சின்னமாகவும் இருப்பது அந்த ஆயி மண்டபம். ஆனால் ஆயி யார் என்று கேட்டால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சொல்வார்கள்?

ஆயி ஒரு தாசி குலத்துப் பெண் என்று செவிவழி வரலாறு சொல்கிறது. விளக்கொளியில் மின்னிய அவள் வீட்டைக் கோயில் என்று எண்ணிக் கிருஷ்ணதேவராயர் கைகூப்பினாராம். உண்மை தெரிந்ததும் வெட்கமும் கோபமும் கொண்டு வீட்டை இடிக்கச் சொன்னாராம். அவளோ, தானே இடித்துவிடுவதாகக் கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அந்த மண்டபம் எழுந்தது.

அரசனின் வெற்றிக்கோ செல்வரின் அந்தஸ்துக்கோ எழுந்த மண்டபம் அல்ல அது. ஊரார் தாழ்வாகப் பார்த்த ஒரு பெண் கொடுத்த தண்ணீருக்கு எழுந்தது.

நாம் சிலை வைப்பதில்லை. அதனால் நமக்கு நினைவுச்சின்னமே கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை தொங்கோட்டம் ஓடுகிறோமே, அது யாருடைய நினைவு? தாகத்தால் துடித்த பச்சிளம் பிள்ளைக்காகத் தண்ணீர் தேடி ஓடிய ஹாஜரா அம்மையாரின் நினைவு. ஒரு தாயின் பதைப்பை உலக முஸ்லிம்கள் அனைவரும் தம் கால்களால் நினைவுகூர்கிறார்கள். அதே மக்காவுக்கு 1,200 ஆண்டுகளுக்கு முன் வாய்க்கால் அமைத்துத் தண்ணீர் கொண்டுவந்தவர் கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா அம்மையார். அந்த நீர்வழிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அவர்கள் பெரியவர்கள், நம் வீட்டுப் பெண்கள் எங்கே என்று கேட்கலாம். மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு பெண்ணைக் காணாமல் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். மற்றவர்கள் அந்தப் பெண்ணின் மரணத்தைச் சாதாரணமாக எண்ணிவிட்டார்கள் என்று அந்த ஹதீஸிலேயே வருகிறது. நாமும் இன்று அப்படித்தானே எண்ணிக்கொண்டிருக்கிறோம்?

வெளிநாட்டில் ஆண்கள் உழைத்த காலத்தில் வீட்டையும் வயதான மாமியாரையும் பிள்ளைகளின் படிப்பையும் தாங்கியவர்கள் நம் தாய்மார்கள். திண்ணையில் அமர்ந்து தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர்கள் உண்டு. பிரசவ வீட்டுக்கு நள்ளிரவில் ஓடியவர்கள் உண்டு. மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் உடுத்தியவர்கள் உண்டு. மரக்காணம் உப்பளங்களில் வெயிலில் நின்று உப்புச் சுமந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள், எந்த மதத்தவரானாலும், நம் கடற்கரையின் பெண்கள்தான். இவர்களில் பலர் "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய உம்மா" என்றே வாழ்ந்து மறைந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கே அவர்கள் பெயர் தெரியாது.

எழுதி வைக்காவிட்டால் எல்லாம் போய்விடும். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். ஆனாலும் 1938-இல் 'காதலா கடமையா' என்ற நாவலை எழுதி வெளியிட்டார். அச்சில் ஏறியதால் அவர் பெயர் நமக்குக் கிடைத்தது. அச்சில் ஏறாதவர்களின் கதி என்ன?

பெயர் போட்டால் முகஸ்துதி ஆகிவிடாதா என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கொடுத்தவர் புகழை நாடக்கூடாது என்பது கொடுத்தவருக்கான கடமை. பெற்றவர் நன்றி மறக்கக்கூடாது என்பது நமக்கான கடமை. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிமொழியின் கருத்து. தன் தர்மம் வெளியே தெரிய வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லியிருந்தால் அந்த அமானிதத்தைக் காப்போம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? மூன்று கேள்விகள் கேட்போம். அவருடைய நன்மை சொந்தக் குடும்பத்தைத் தாண்டிச் சென்றதா? அவர் மறைந்த பின்னும் யாருக்காவது பயன்படுகிறதா? தன்னிடம் மிச்சமிருந்ததைக் கொடுத்தாரா, அல்லது தனக்கே தேவையாக இருந்ததைக் கொடுத்தாரா? பணமும் பரம்பரையும் இந்தக் கேள்விகளில் இல்லை. தேர்ந்தெடுப்பதில் பெண்களுக்கும் சம இடம் வேண்டும். யார் நள்ளிரவில் கதவைத் தட்டி உதவினார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எனவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் மூத்த பெண்மணி ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் அறிந்த இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பெயரையும் அவர் செய்ததையும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். கணவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள், அவருடைய சொந்தப் பெயரை எழுதுங்கள். புகைப்படம் தேவையில்லை. இனி நாம் தரும் கல்வி உதவித்தொகைக்கும், வைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும், நூலக அலமாரிக்கும் அந்தப் பெயர்களையே சூட்டலாம். தண்ணீர் குடிக்கிற பிள்ளை அந்தப் பெயரைப் படித்து ஒரு துஆ செய்தால், அதைவிடப் பெரிய சின்னம் வேறெது?

அந்தத் தாய்மார்களின் நற்செயல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.