மாமியார் கைக்கணக்கு

(சித்திரை மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ வடகம் பற்றிக் கொஞ்சம் பேசலாம். சிரிக்காதீங்க. நம்ம செஞ்சிப் பக்கத்தில் காரக்குழம்புக்கும் கீரைக் கடைசலுக்கும் ஒரு சிட்டிகை வடகம் எண்ணெயில் விழுந்தால் நாலு வீடு தள்ளி வாசம் வரும். ஆனால் வடகம் போடத் தெரிந்தவங்க கை தூக்குங்க என்றால், இளம் வயது உறுப்பினர்களில் ஏழெட்டுக் கைதான். மற்றவர்கள் அம்மாவோ மாமியாரோ கொடுக்கிற உருண்டையில்தான் வருஷத்தை ஓட்டுகிறோம்.

இரண்டு கோடைக்கு முன்னால் நம்ம குழு ஒன்று 20 கிலோ வெங்காயத்தில் விற்பனைக்கு வடகம் போட்டது. கண்காட்சித் தேதி நெருங்குது என்று அவசரப்படுத்தியது நாங்கள்தான். "ஆறு நாள் காய்ந்தது போதும், பாக்கெட் போடுங்க" என்றோம். குழுவில் மூத்த அம்மா ஒருத்தர், "உள்ளே ஈரம் இருக்கும்மா, உடைச்சுப் பாரு" என்றார். நாங்கள் கேட்கவில்லை. பத்தே நாளில் பாக்கெட்டுக்குள் பூஞ்சணம். அத்தனையும் குப்பைக்குப் போனது. உள்கடன் எடுத்துப் போட்ட முதல் அது.

அடுத்த வருஷம் அந்த அம்மாவிடமே போய் உட்கார்ந்தோம். அளவு கேட்டால் கையைத்தான் காட்டுகிறார். அவர் அள்ளிப் போட்டதை எல்லாம் தராசில் வைத்து எழுதினோம். 5 கிலோ சின்ன வெங்காயத்துக்குப் பூண்டு 1 கிலோ, உளுத்தம்பருப்பு அரைக் கிலோ, கடுகும் சீரகமும் கால் கிலோ வீதம், வெந்தயம் 100 கிராம். மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு.

வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்கணும். மிக்சியில் அரைத்தால் கூழாகிவிடும், காயவே காயாது. எல்லாம் பிசைந்து ராத்திரி மூடி வைத்தால் உப்புக்குத் தண்ணீர் விடும். காலையில் பிழிந்து உருட்டி வெயிலில் வைத்து, அந்தத் தண்ணீரையும் தனியே வெயிலில் வைக்கணும். சாயங்காலம் உருண்டையை உடைத்து அதே தண்ணீரில் போட்டுப் பிசையணும். தண்ணீர் முழுக்க இழுத்த பிறகு விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காய வைப்பார். பூச்சி அண்டாது, வாசமும் நிற்கும். உடைத்தால் நடுவிலும் சலசலவென்று உதிரணும். அதற்குப் பதினைந்து நாள்கூட ஆகும். வெயில் மந்தமானால் இன்னும் கூடும். நாங்கள் வெட்டியது இந்த நாட்களைத்தான்.

செஞ்சிக்கோட்டையை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு வடகம் விற்கலாமே என்று சிலர் கேட்டீங்க. விற்கலாம், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். அதற்கும் முன்னால் போடக் கத்துக்கணும்.

அந்த அம்மாவுக்கு இப்போ கை நடுக்கம். மருமகள் பிசைகிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்த்து, "இன்னும் ஒரு வெயில்" என்கிறார். இன்னொரு ஊரில் வடகத்துக்குப் பேர்போன பாட்டி போன மழைக்காலத்தில் தவறிவிட்டார். அவர் அளவு யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் இப்போ கடை வடகம்தான்.

மே 4-ல் அக்னி நட்சத்திரம் தொடங்குது. அதற்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு நாள் சொல்லுங்க. அம்மாவோ மாமியாரோ, வடகம் போடத் தெரிந்தவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. தராசும் நோட்டும் நாங்கள் கொண்டு வருகிறோம். உரலும் உலக்கையும் உங்க பொறுப்பு.