பெயரற்ற பாட்டியர் படங்கள்

(நமது சங்கத்தின் திருவள்ளூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் இல்லங்களிற் பலவற்றில், கூடத்துச் சுவரிலோ பரண்மேற் பெட்டியிலோ, மங்கி மஞ்சளித்த பழம்படமொன்று இருத்தல் கூடும். நாற்காலியின்மீது கைவைத்து, புன்னகையின்றி நிற்கும் ஒரு மாதரசியின் உருவம் அது. அவர் யாவர் என வினவின், "யாரோ பாட்டி" என்பதே நமக்குக் கிடைக்கும் விடை. இது நமக்குப் பெருமையோ?

அத்தகைய படம் எளிதில் எடுக்கப்பட்டதன்று. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று திருவள்ளூர் வழியே வாலாஜா ரோடு வரை இருப்புப்பாதை திறந்தபின், சென்னப்பட்டணம் நம்மவர்க்கு அண்மையாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே நிக்கலஸ் கம்பெனி, வீலே அண்ட் கிளைன் முதலிய படநிலையங்கள் விளங்கின. உலர்தகடு பரவுமுன், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன்னே படமெடுத்துக் கழுவுதல் வேண்டும். எதிரே நிற்பவர் சில விநாடி அசையாதிருக்கும்பொருட்டுத் தலைக்குப் பின்னே தாங்கியும் வைப்பர். அவ்வளவு நேரம் புன்னகையை நிறுத்திவைத்தல் அரிது. ஆதலின் அம்முகங்களின் இறுக்கத்தைக் கோபமென்று கொள்ளற்க. படம் பிடித்தால் ஆயுள் குறையுமென்ற அச்சமும், அந்நிய ஆடவர்முன் நிற்கும் நாணமும் வேறு. 1892-இல் ஐதராபாத்தில் ராஜா தீன் தயாள், கோஷா மாதர்க்கெனத் தனிப் படநிலையம் அமைத்து, அதனை ஓர் ஆங்கில மாதின் பொறுப்பில் விட்டதும் இந்நாணம் கருதியே.

அரசாங்கத்தார் 1868 முதல் 1875 வரை 8 பாகங்களாக வெளியிட்ட 'இந்திய மக்கள்' என்னும் படநூலில், பெரும்பாலும் படத்தின்கீழ்ச் சாதிப்பெயரே காணப்படும். ஆளின் பெயர் அரிது. மனிதரை மாதிரிப் பொருளாக்கிய அச்செயலை நாம் குறைகூறுகிறோம். ஆயின், நம் வீட்டுப் படத்தின் பின்னே நாம் எழுதிவைத்தது யாது? நம் வம்சாவளிகளிலும் தந்தை, மகன், பேரன் என ஆடவர் நிரையே நீள்கின்றது. குலத்தைப் பெற்றுவளர்த்தோர் பெயரைக் காத்தோமில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தே ஆலைகள் பெருகுகின்றன; பழைய வீடுகள் இடிபட்டுக் குடும்பங்கள் இடம் பெயர்கின்றன. அவ்வேளையில் முதலிற் குப்பைக்குச் செல்வது பெயரறியாத படமே. ஆதலின் இவ்வாரமே வீட்டு முதியோரிடம் அப்படங்களைக் காட்டிக் கேளுங்கள். பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர் ஆகிய மூன்றையும் அட்டையின் பின்புறத்தே பென்சிலால் மெல்ல எழுதுங்கள். மை ஊறினால் படம் கெடும். குங்குமத்தைப் படத்தின்மேல் இடாது கண்ணாடியின்மேல் இடுங்கள். ஈரச்சுவரும் வெயிலும் ஆகா. கேட்டறிந்த பெயர்களை வம்சாவளியிலும் சேருங்கள்.

ஆண்டுதோறும் மாலை சூட்டிப் படைக்கின்றோம். எவர்க்குப் படைக்கின்றோம் என்பதை நம் மக்கள் அறிய வேண்டாவோ? சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே கேட்போமாக.