டாக்டர் நிலைச்சு இருந்தாத்தான் நமக்கு நல்லது
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "நகரத்துச் சுகாதார நிலையமும் நாமும்". கிராமத்துல இருக்கிறவளுக்கு டவுன் ஆஸ்பத்திரி பத்தி என்ன பேச்சுன்னு சிலர் நினைக்கலாம். நம்ம பொண்ணுங்களைக் கட்டிக் கொடுத்தது டவுன்ல. நம்ம வீட்டுக்காரங்க வேலைக்குப் போய் ரூம் எடுத்துத் தங்குறது டவுன்ல. எங்க அம்மா என் தம்பியோட இருக்கிறதும் டவுன்லதான். இன்னைக்கு டவுன் பகுதிக் கூட்டமைப்பு அக்காக்களும் வந்திருக்கீங்க. அதனால இது எல்லாருக்கும் பொதுவான விஷயம்.

முதல்ல நமக்கு என்ன கிடைச்சிருக்குன்னு சொல்லிடறேன். 2013-ல் மத்திய அரசு நகரங்களுக்குன்னு தனியா சுகாதாரத் திட்டம் கொண்டு வந்தது. நம்ம மாநிலத்துல 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினாங்க. வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர்கள் எல்லாம் நம்மைப் போல மகளிர் குழுவுல இருந்து போனவங்க. 2023 ஜூன் மாதம் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தாங்க. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர். காலையில 8 மணியிலிருந்து 12 மணி வரை, சாயங்காலம் 4 மணியிலிருந்து 8 மணி வரை. கூலி வேலைக்குப் போறவங்களும் வேலை முடிஞ்சு வந்து காட்டணும்னுதான் இந்த நேரம்.

கட்டடம் வந்தாச்சு, மருந்து வந்தாச்சு. நான் பேச வந்தது, அந்த நாற்காலியில உட்கார்ற டாக்டரைப் பத்தி. அவங்க கெட்டிக்காரங்களா இருக்கணும், அதே இடத்துல நாலு வருஷம் நிலைச்சும் இருக்கணும். இந்த ரெண்டும் வேற வேற இல்லை, ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. ஏன்னு சொல்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில கண்ணுக்கு ஒரு டாக்டர், காதுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர். நம்ம வார்டு டாக்டருக்கு அப்படி இல்லை. ஒரே காலையில சளி பிடிச்ச கைக்குழந்தை வரும். அடுத்து மாசமா இருக்கிற பொண்ணு. அதுக்கடுத்து ரெண்டு வாரமா இருமுற ஆட்டோக்காரர். தூக்கம் வரலைன்னு ஒரு அம்மா வருவாங்க, வீட்டுல அடி வாங்குறதைச் சொல்ல மாட்டாங்க. இவ்வளவையும் ஒரே ஆள் பார்க்கணும். எதை இங்கேயே பார்க்கலாம், எதை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணணும். டாக்டர் படிப்பு நாலரை வருஷமும், அதுக்கு மேல ஒரு வருஷப் பயிற்சியும். அதுல பெரும்பங்கு பெரிய ஆஸ்பத்திரியிலதான். வார்டு மக்களைப் படிக்கிறது வார்டுல வந்து உட்கார்ந்த பிறகுதான்.

எங்க அம்மா கதையை இங்க சொல்லணும். அம்மாவுக்குப் பல வருஷமா சர்க்கரை, கூடவே பிரஷர். தம்பி வீட்டுப் பக்கத்துல இருக்கிற சுகாதார நிலையத்துக்குத்தான் போவாங்க. அங்க ஒரு டாக்டரம்மா மூணு வருஷம் கிட்ட இருந்தாங்க. அம்மா உள்ளே நுழையும்போதே நடையை வச்சே, "என்னம்மா, முட்டி வலி கூடிடுச்சா?"ன்னு கேட்பாங்க. ஒரு தடவை அம்மா முகம் லேசா வீங்கியிருக்குன்னு அவங்க கண்ணுலதான் பட்டுச்சு. நாங்க தினமும் பார்க்கிறதால எங்களுக்குத் தெரியலை. பழைய நோட்டை எடுத்து, போன வருஷத்து ரத்தப் பரிசோதனையையும் இப்ப எடுத்ததையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. கிட்னி அளவு ஏறியிருந்தது. என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கிளறிக் கிளறிக் கேட்டப்போ, முட்டிக்கு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி மாசக்கணக்கா சாப்பிட்டது வெளியே வந்தது. அதை நிறுத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, திரும்பி வந்ததும் தானே மாசா மாசம் பார்த்தாங்க. கிட்னி அதுக்கு மேல கெடலை.

அந்த டாக்டரம்மா மேற்படிப்புக்குப் போயிட்டாங்க. அடுத்த ஒன்றரை வருஷத்துல நாலு டாக்டர் மாறினாங்க. நடுவுல ரெண்டு மாசம் ஆளே இல்லை. மூணாவதா வந்தவர் முட்டி வலின்னு சொன்னதும் அதே வலி மாத்திரையை எழுதிட்டார். கூடப் போன தம்பி மனைவி, "சார், கிட்னிக்கு ஆகாதுன்னு முன்னே இருந்த டாக்டரம்மா நிறுத்தினாங்களே"ன்னு நோட்டைக் காட்டினதும் உடனே மாத்திக் கொடுத்தார். அவர் படிப்புல குறை சொல்ல மாட்டேன். வெளியே நூறு பேர் வரிசையில நிக்கிறாங்க, வந்து பதினைஞ்சு நாள்தான் ஆகுது. அவருக்கு எங்க அம்மா யாரோ. ஆனா தம்பி மனைவி அன்னைக்குப் போகாம இருந்திருந்தா?

நம்ம குழுவையே எடுத்துக்குங்க. ஒரு உறுப்பினர் தவணை கட்டலைன்னா பழைய ஊக்குநருக்கு ஏன்னு தெரியும். மாடு செத்துப் போச்சா, வீட்டுக்காரர் குடிச்சிட்டாரான்னு தெரியும். புதுசா வந்த ஊக்குநருக்குக் கணக்குப் புத்தகத்துல பாக்கி மட்டும்தான் தெரியும். கணக்குல அவங்க புலியா இருந்தாலும் நம்மைத் தெரிஞ்சுக்க ஒரு வருஷம் ஆகும். டாக்டருக்கும் அப்படித்தான்.

ஒரு பயிற்சியில கேட்டதையும் சொல்றேன். நார்வேன்னு ஒரு நாடு. அங்க 2001-லிருந்து ஒவ்வொருத்தருக்கும் இன்னார்தான் உங்க குடும்ப டாக்டர்னு பதிஞ்சு வச்சிருக்காங்க. 45 லட்சம் பேரோட பதிவுகளை ஆராய்ச்சி பண்ணினாங்க. ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல இருந்தவங்களை, ஒரு வருஷம் மட்டும் இருந்தவங்களோட ஒப்பிட்டா, அவசரமா ஆஸ்பத்திரியில சேர்றதும் சாவும் சுமார் கால் பங்கு குறைவா இருந்துச்சாம். புது மருந்து எதுவும் இல்லை. தெரிஞ்ச டாக்டர், அவ்வளவுதான்.

சரி, ஏன் போறாங்க? நமக்குக் கோபம் வருது, ஆனா அவங்க பக்கமும் பார்க்கணும். பல பேர் ஒப்பந்தத்துல இருக்காங்க. நலவாழ்வு மைய டாக்டர் வேலைக்கு விளம்பரத்துல மாசம் 60,000 ரூபாய்னு போட்டிருந்தது. நிரந்தரம் கிடையாது. எம்.டி., எம்.எஸ். படிச்சாத்தான் பேரும் பதவி உயர்வும்னு இருக்கிறதால, வார்டுல இருக்கும்போதே நீட் மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்கிறாங்க. குடும்ப மருத்துவத்துக்கே தனி மேற்படிப்பு இருக்கு, ஆனா அதுக்கு இடங்கள் கொஞ்சம்தான். அதோட நோயாளி பார்க்கிற நேரத்துலேயே கம்ப்யூட்டர் பதிவு, ரிப்போர்ட். ராத்திரி 8 மணிக்குப் பூட்டிட்டுப் போற பொண்ணுக்குத் தெருவிளக்கு எரியாத தெரு. சில இடத்துல சுத்தமான கழிவறை கூட இல்லை. குடிச்சிட்டு வந்து சண்டை போடறவங்க வேற. டாக்டர், நர்ஸைத் தாக்கினா தண்டிக்க 2008-லேயே நம்ம மாநிலத்துல சட்டம் வந்தாச்சு. ஆனா சட்டம் வாசல்ல வந்து நிக்காது, நாமதான் நிக்கணும்.

அவங்க படிக்கப் போறதைத் தடுக்கணும்னு நான் சொல்லலை. நம்ம பிள்ளை டாக்டரானா மேல படிக்கத்தானே சொல்லுவோம்? ஆனா இதே நாற்காலியில இருந்துகிட்டே சம்பளமும் மரியாதையும் உயர வழி இருந்தா பாதிப் பேராவது இருப்பாங்க. அதை அரசாங்கத்துகிட்ட கேட்கணும். நம்ம கையில இருக்கிறதையும் செய்யணும்.

ஒண்ணு, காய்ச்சல், தலைவலிக்கு மெடிக்கலுக்கும் தனியாருக்கும் ஓடாம முதல்ல நம்ம மையத்துக்குப் போங்க. நாம போனாத்தான் அவங்களுக்கு நம்மைத் தெரியும்.

ரெண்டு, வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நோட்டு. ஓபி சீட்டு, ரத்தப் பரிசோதனை, எந்த மாத்திரை ஆகாதுங்கிற விவரம் எல்லாம் அதுல ஒட்டணும். டாக்டர் மாறினாலும் நோட்டு மாறாது.

மூணு, "ஊசி போடலையா, குளுக்கோஸ் ஏத்தலையா"ன்னு கேட்டு நிக்காதீங்க. ஊசி போடாத டாக்டர் ஒண்ணும் தெரியாதவர்னு பேசறதை நாமதான் நிறுத்தணும்.

நாலு, விளக்கு, கழிவறை, காலிப் பணியிடம் பத்தி மனு கொடுங்க. கிராமத்துல வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு. நகரத்துல ஏரியா சபை இருக்கு. போன டாக்டருக்குப் பதிலா எந்தத் தேதியில ஆள் வருவாங்க, சிக்கலான நோயாளிகள் விவரத்தை எழுதி ஒப்படைச்சாங்களான்னு அங்க கேளுங்க. தனியா போய்க் கேட்டா பதில் வராது. முப்பது பேர் கையெழுத்தோட போனா உட்கார வச்சுப் பேசுவாங்க. இது நமக்குப் புதுசு இல்லை. பேங்க்ல கடன் வாங்கக் கத்துக்கிட்டதும் அப்படித்தானே?

அஞ்சு, புதுசா ஒரு டாக்டர் வந்தா முதல் வாரத்துலேயே குழுவுல நாலு பேர் போய் வணக்கம் சொல்லி, எந்தத் தெருவுல படுத்த படுக்கையா யார் இருக்காங்க, எந்த வீட்டுல ஏழாம் மாசம்னு சொல்லுங்க. ஒரு வருஷத்துல தெரிஞ்சுக்க வேண்டியதுல பாதியை ஒரு மணி நேரத்துல நாம சொல்லிடலாம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த மாசக் கூட்டத்துல ஒவ்வொரு குழுவும் இதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதணும். அவங்கவங்க மையத்துல இப்ப டாக்டர் இருக்காரா, எத்தனை மாசமா இருக்கார், அதுக்கு முன்னே எத்தனை பேர் மாறினாங்கன்னு கணக்கு எடுங்க. அதைச் சேர்த்து நம்ம கூட்டமைப்பு சார்பா மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். சேமிப்புக் கணக்கைப் பைசா சுத்தமா எழுதற நமக்கு இந்தக் கணக்கு ஒண்ணும் பெரிசில்லை.